வைரவர் போன வழி

வைரவர் நின்றுவிட்டார்.

அவர் நின்றால் சுயம்புலிங்கமும் நிற்க வேண்டும். அவர் நடந்தால் நடக்க வேண்டும். கயிற்றை இழுக்கக் கூடாது. அதட்டக் கூடாது. முக்கியமாக, 'நாய்' என்ற சொல்லை அவர் காதுபடச் சொல்லவே கூடாது. எல்லாம் முதலாளி அய்யாதுரையின் உத்தரவு.

"நாயி நாயின்னு சொல்லாதலே. வைரவருன்னு சொல்லு. அவுகளுக்கு எல்லாம் வெளங்கும்."

வைரவர் செம்பழுப்பு நிறம். இடது காது மடிந்திருக்கும். நெற்றியில் மூன்று கோடு விபூதி. காந்தி நகர் வீடுகள் முடிந்து அடையாற்றங்கரை தொடங்கும் இடத்தில், காலை ஆறு மணிக்கு, ஒற்றையடிப் பாதையின் நடுவில் நின்று மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் ஆறு. இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பு. தாழம்புதருக்குள் என்னவோ சரசரத்தது. அங்கே நின்று பார்த்தால் இதே மெட்ராஸில் தியாகராய நகர் என்று ஓர் இடம் இருப்பதையும், அதில் நாள் முழுக்கத் தான் புடவை விரித்துக் காட்டுவதையும் சுயம்புவால் நம்ப முடியவில்லை. கொக்கும் நண்டும் பனைமரமும்தான் இருந்தன. நாய் வளர்ப்பவர்களுக்கு அந்த இடம் சொர்க்கம் என்று பேர். காந்தி நகர்க்காரர்கள் எல்லாரும் அங்கேதான் நடத்திக்கொண்டு வருவார்கள்.

சுயம்புவுக்குத் தொப்புள் வலித்தது.

எட்டு வயதில் ஊரில் ஒரு செவலை நாய் அவன் கெண்டைக்காலைக் கவ்வியது. அதற்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். அன்று முதல் நாயைக் கண்டால் அவனுக்குக் காலில் வலிக்காது, தொப்புளில்தான் வலிக்கும். அப்படிப்பட்டவன் கையில் இப்போது ஒரு கயிறு. கயிற்றின் அந்த முனையில் நாய். மன்னிக்க வேண்டும், வைரவர்.

முதலாளி கோயில் படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டு மூன்று நாளாகிறது. அதுவரை காலையில் வைரவரை நடத்திக்கொண்டு போனவர் முதலாளி. சாயங்காலம் பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போது துணைக்குக் கூட்டிப் போனவர் முதலாளியம்மா இசக்கியம்மாள். இப்போது முதலாளி மாவுக்கட்டுக் காலை முக்காலியில் வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் "ஏ இசக்கி" என்று கூப்பிட்டார். அந்த அம்மாளால் வாசலைத் தாண்ட முடியவில்லை. ஆகவே இரண்டு நடையும் சுயம்புவின் தலையில் விழுந்தன. கடை மாடியில் மற்ற ஆட்களோடு படுத்திருந்தவனைப் படுக்கையோடு கிளப்பி வீட்டுக் கார் ஷெட்டில் கொண்டுவந்து போட்டார்கள்.

"ஒன்னயத்தான் வைரவருக்குப் பிடிக்கும். மொத நாளே கையை நக்குனாகளே" என்றார் முதலாளி.

அது நிஜம்தான். இரண்டு வருஷத்துக்கு முன் வேலை கேட்டு வந்த அன்று வைரவர் அவன் வலது கையை முகர்ந்தார். பிறகு நக்கினார். விரல் விரலாக நக்கினார். வேலை கேட்டு வந்த எத்தனையோ பேரைக் குரைத்து விரட்டியவர் அவர். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "வைரவரே ஒத்துக்கிட்டாக. இனி நான் என்னத்தக் கேக்க?" என்றார். ஆனாலும் ஒன்று கேட்டார். "கவிச்சி உண்டா?"

"கெடையாது மொதலாளி. பொறந்ததுலருந்தே சைவம்."

ஊரில் அவன் அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாட்டுச் சோற்றை அன்று காலையில்தான் ரயிலில் சாப்பிட்டிருந்தான். எழும்பூரில் கை கழுவக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

அந்தக் கடையில் கவிச்சி என்பது கொலைக்குச் சமம். ஆறு வருஷத்துக்கு முன் கடை திறந்தபோது முதலாளியும் முதலாளியம்மாவும் வைரவர் சன்னதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். இனி மீனில்லை, கறியில்லை, முட்டையில்லை. முதலாளி செய்த சத்தியத்துக்கு அம்மா சாட்சி. அம்மா செய்ததற்கு முதலாளி சாட்சி. அதன் ஞாபகமாகத்தான் இந்த நாய்க்குட்டியை எடுத்து வைரவர் என்று பேர் வைத்தார்கள். அவருக்கும் சைவம்தான். வெள்ளிக் கிண்ணத்தில் தயிர்சாதம்.

போன வருஷம் நாகராஜ் என்ற ஆளின் டிரங்குப் பெட்டி முன்னால் வைரவர் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார். பெட்டியைத் திறந்தார்கள். கருவாட்டுப் பொட்டலம். "வைரவரே காட்டிக் குடுத்துட்டாக!" அன்று சாயங்கால வண்டிக்கே நாகராஜைப் படுக்கையோடு ஏற்றிவிட்டார்கள். முதலாளி நேரில் எழும்பூருக்கு வந்து, வழியில் சாப்பிடத் தயிர்சாதப் பொட்டலமும் கொடுத்தார். அன்று முதல் சுயம்பு தயிர்சாதத்தைக் கண்டாலே இலையை மூடிவிடுவான்.

இப்போது அவனுக்குப் பயம் இரண்டு மடங்கு. தை மாதம் சண்முகவடிவோடு கல்யாணம். பெண்ணின் அப்பா கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார். 'தங்களுக்குப் பட்டணத்தில் நிரந்தர உத்தியோகம் என்பதால் மட்டுமே சம்மதிக்கிறோம்.' அந்த 'மட்டுமே'யின் கீழே கோடு வேறு.

வைரவர் முகர்ந்து முடித்தார். இடது பக்கம் திரும்பினார்.

"அய்யோ, அந்தப் பக்கம் வேண்டாம்!" என்றான் சுயம்பு.

முந்தின நாள் முதலாளி அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "பாலத்துப் பக்கமாக் கூட்டிட்டுப் போ. குப்பத்துப் பக்கம் மட்டும் போயிராதலே." அதன்பின் அம்மா அடுக்களைக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். "கோயில் பக்கமாக் கூட்டிட்டுப் போ சுயம்பு. குப்பத்துப் பக்கம் மட்டும் போயிராத." புருஷன் பெண்டாட்டிக்கு இத்தனை ஒத்த மனசா என்று அவன் வியந்துபோனான்.

வைரவருக்கு யாரும் சொல்லவில்லைபோல. இழுத்தார். சுயம்புவின் வேட்டி தாழம்புதரில் மாட்டிக் கிழிந்தது. செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி ஓடி, வலை காயப்போட்டிருந்த மணலைத் தாண்டி, குப்பத்து ஓரத்தில் தனியாக இருந்த ஓட்டு வீட்டின் பின்கட்டில் போய் உட்கார்ந்தார். வலது முன்னங்காலைத் தூக்கி நீட்டினார்.

பின்கட்டில் கீற்றுச் சார்ப்பு. சார்ப்புக்குள் அடுப்பு, அடுப்பின் மேல் அகலமான தோசைக்கல். கல்லில் மிளகாய் அரைத்துத் தடவிய வஞ்சிரத் துண்டுகள் சொய்ங் என்று வெந்துகொண்டிருந்தன. கழுத்தில் ஜெபமாலை போட்ட ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி தோசைத் திருப்பியோடு திரும்பிப் பார்த்தாள்.

"வாடா என் ராசா! மூணு நாளா எங்கடா பூட்டே? ஃப்ளோரன்ஸக்காவ மறந்துட்டியா?"

சொல்லிக்கொண்டே ஒரு மீன் தலையைத் தூக்கிப் போட்டாள்.

சுயம்பு கண்ணை மூடிக்கொண்டான். நறுக்கென்று சத்தம் கேட்டது. திறந்து பார்த்தபோது மீன் தலை இல்லை. விபூதி மட்டும் நெற்றியில் அப்படியே இருந்தது.

வைரவர் சுவரேறிக் குதித்துத் திருட்டுத்தனமாக வந்து பழகியிருக்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. அல்லது புரிந்ததாக நினைத்தான்.

"நீ யாரு நைனா, புச்சா கீறே?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

முதலாளி பேர் வெளியே வந்தால் குடும்ப மானம் போய்விடும். சுயம்புவின் வாயில் முதலில் வந்தது இதுதான்: "இந்த நாய்... என்னோடது."

ஃப்ளோரன்ஸ் வைரவரைப் பார்த்தாள். விபூதியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு தோசைத் திருப்பியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"உன்னுதா! சரி நைனா. உன்னுதுன்னே வச்சுக்க."

"யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா. கால்ல வேணா விழுதேன்."

"நான் யாராண்ட இன்னாத்த சொல்லப் போறேன்? யாராண்டயும் எதையும் சொல்றதில்ல. அதான் என் யாவாரம்."

வீட்டு வாசலில் அம்மா காத்திருந்தாள். வைரவரின் விபூதியைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள். குனிந்தவள் நிமிர ரொம்ப நேரமாயிற்று. மூக்கு வைரவரின் முகத்தருகே இருந்தது. கண்கள் மூடியிருந்தன.

சுயம்பு கிழிந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

"எந்தப் பக்கம் போனீய?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

"பா... பாலத்துப் பக்கம்மா."

"ஓ" என்று ஒரு பெருமூச்சு விட்டாள்.

உள்ளே முதலாளி வைரவரைக் கட்டிலருகே அழைத்து, உச்சி முகர்ந்தார். அவரும் உடனே விடவில்லை. மூச்சை உள்ளே இழுத்தவர் வெளியே விடக் காணோம். முகம் ஒரு மாதிரி ஆகி, எச்சில் விழுங்கினார்.

"பாலத்துப் பக்கம்தானே போனே?"

"ஆமா மொதலாளி."

"பாலத்துல... வேற என்னலே விசேஷம்?"

"ஒண்ணுமில்ல மொதலாளி. தண்ணி போகுது."

"ம்ம். போகட்டும்."

இந்த இருவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று சுயம்பு முடிவு கட்டினான். கையும் களவுமாகப் பிடிப்பதற்காகத்தான் பொறுமையாக இருக்கிறார்கள். நாகராஜ் விஷயத்திலும் முதலாளி முதலில் அமைதியாகத்தான் இருந்தார்.

சாயங்காலமும் வைரவர் இடது பக்கமே திரும்பினார். காலையில் ஒரு தலை, சாயங்காலம் ஒரு வால்.

மறுநாள் ஆற்றங்கரையில் சுப்பராமன் எதிர்ப்பட்டார். ஏஜி ஆபீஸில் ரிடையரான மனுஷர். சீசர் என்ற அல்சேஷனோடு வருவார். அந்த நாய் சுயம்புவைப் பார்த்த பார்வையில் பதினாலு ஊசியும் மறுபடி இறங்கின.

"ஏம்ப்பா, நீ நாயை அழைச்சுண்டு போறயா, நாய் உன்னை அழைச்சுண்டு போறதா?" என்றார் சுப்பராமன்.

"கொஞ்சம் இழுக்காரு சாமி."

"வெறும் வயித்தோட கூட்டிண்டு வந்தா இழுக்காம என்ன பண்ணும்? சீசரைப் பாரு. கிளம்பறச்சேயே வயிறு ரொம்பப் போட்டுடுவேன். அப்புறம் வேற வாசனையைத் திரும்பிக்கூடப் பார்க்காது."

சுயம்பு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். அடுத்த நாள் காலையில் தன் பங்கு இட்லி எட்டையும் வைரவருக்குப் போட்டான். எட்டையும் விழுங்கிவிட்டு வைரவர் இடது பக்கம் திரும்பினார். வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார், அவ்வளவுதான். ஃப்ளோரன்ஸ் வீட்டில் மீன் தலையையும் முடித்துவிட்டு, வயிறு கனத்துப்போய்ச் சார்ப்பு நிழலில் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. கயிற்றை இழுக்கக் கூடாது. அதட்டக் கூடாது. அரைமணி நேரமாயிற்று. ஒரு மணி நேரமாயிற்று.

வெறும் வயிற்றோடு இருந்தது இப்போது சுயம்பு. காற்றோ தோசைக்கல் பக்கத்திலிருந்து அவன் பக்கமாக வீசியது.

"எவ்ளோ நேரம்தான் அந்தக் கல்லையே பாத்துக்கினு இருப்பே?" என்று ஃப்ளோரன்ஸ் வாழையிலைத் துண்டில் ஒரு வஞ்சிரம் வைத்து நீட்டினாள்.

"அய்யோ, நான் சைவம்க்கா."

"இங்க வர்றவங்க அல்லாரும் சைவந்தான். துன்னு."

இரண்டு வருஷம். இரண்டு வருஷமாகப் பூசணிக்காய்க் கூட்டு. அவன் கை தானாக நீண்டது. முதல் விள்ளல் வாயில் போனதும் ஊரிலிருக்கும் அம்மா ஞாபகம் வந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது துண்டையும் ஃப்ளோரன்ஸ் தானாகவே வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தின்று முடித்துக் கையை முகர்ந்தபோதுதான் உயிர் போயிற்று. மண்ணைப் போட்டுத் தேய்த்தான். எலுமிச்சை இலையைக் கசக்கித் தேய்த்தான். வாசம் போகவில்லை. வைரவர் எழுந்துவந்து அவன் வலது கையை விரல் விரலாக நக்க ஆரம்பித்தார். வாலை ஆட்டிக்கொண்டே நக்கினார். 'நீயும் நம்ம ஆள்தான்' என்று அவர் சொல்வதுபோல இருந்தது. இனி எந்த நேரம் வேண்டுமானாலும் இவர் தன் பெட்டி முன்னால் வந்து உட்காருவார் என்று நினைத்த சுயம்பு கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போகுமுன் நடவடிக்கை எடுக்க வேண்டும். பெட்டிக்கடையில் ஜவ்வாது டப்பி ஒன்று வாங்கினான். தன் கையிலும் கழுத்திலும் பூசிக்கொண்டான். மிச்சம் முழுவதையும் வைரவரின் தாடையிலும் காதிலும் பிடரியிலும் அப்பினான். போதாததற்கு, பிள்ளையார் கோயிலில் கொடுத்த சந்தனத்தைக் குழைத்து நெஞ்சில் தடவினான்.

வைரவர் கூடத்துக்குள் நுழைந்ததும் வீடே மணத்தது.

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். "இசக்கி! ஏ இசக்கி! இங்கன வா! என்ன வாசம் இது?"

சுயம்பு தூணைப் பிடித்துக்கொண்டான்.

"ஏலே, நீ ஏதாச்சும் பூசினியா?"

"இல்ல மொதலாளி" என்றான் சுயம்பு. பயத்தில் எப்போதும் அவன் வாயில் முதலில் வருவது 'இல்லை'தான்.

"பூசல! பாத்தியா இசக்கி, பூசலயாம்!" முதலாளி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "தானா மணக்குதாக! கால் முறிஞ்சு கெடக்கேன்னு வைரவர் எறங்கிட்டாக!"

அம்மாவும் கும்பிட்டாள். ஆனால் அவள் மூக்கு மட்டும், ஜவ்வாதுக்கும் சந்தனத்துக்கும் அடியில் எதையோ தேடுவதுபோல இரண்டு தரம் சுருங்கி விரிந்ததைச் சுயம்பு பார்த்துவிட்டான்.

வியாழக்கிழமை தேய்பிறை அஷ்டமி. வைரவருக்கு உகந்த நாள். அன்று சாயங்காலம் வீட்டில் விசேஷ பூஜை என்று முதலாளி அறிவித்தார். நூற்றெட்டு மிளகு வடை கோத்து மாலை. கடையை நாலு மணிக்கே மூடிவிட்டு அத்தனை ஆட்களும் வர வேண்டும். தெருக்காரர்களுக்கும் சொல்லியாயிற்று. ஒவ்வொருவராக வந்து வைரவரைக் கும்பிட்டு, உச்சி முகர்ந்து போக வேண்டும்.

உச்சி முகர்வது!

மூன்று நாள் சுயம்பு தூங்கவில்லை. கண்ணை மூடினால் வரிசை தெரிந்தது. ஒவ்வொருவராகக் குனிகிறார்கள், முகர்கிறார்கள், நிமிர்ந்து அவனைப் பார்க்கிறார்கள். வரிசையின் கடைசியில் சண்முகவடிவின் அப்பா கையில் தயிர்சாதப் பொட்டலத்தோடு நிற்கிறார். பகலில் ஜவ்வாதையும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் வைரவர் மலையேறிவிட்டார் என்று ஆகிவிடும். டப்பி டப்பியாக வாங்கிப் பூசினான். மீனும் ஜவ்வாதும் சந்தனமும் ஒன்றாகச் சேர்ந்து, இன்னதென்று சொல்ல முடியாத நான்காவது வாசம் ஒன்று வர ஆரம்பித்தது.

ஒரே வழிதான் இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் சீயக்காய்ப் பொடியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு வைரவரை ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போனான். வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனான். 'வைரவரே, ஒருதரம் குளிச்சிருங்க. தைக்கு அப்புறம் நான் உங்க பக்கமே வரமாட்டேன்.'

முழங்கால் தண்ணீர் வரை வைரவர் மரியாதையாக வந்தார். சீயக்காய் கண்ணில் பட்டதும் ஒரு சிலுப்பு சிலுப்பினார். சுயம்பு பயத்தில் பின்னால் சாய்ந்தான். சாய்ந்தவன் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்தில் கழுத்து வரை தண்ணீர் இருந்தது. எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது கையில் கயிறு இருந்தது. கயிற்றின் நுனியில் வெறும் வளையம்.

சவுக்குத் தோப்பெல்லாம் தேடினான். இருபத்தாறு வயதில் முதன்முறையாக ஒரு நாய் தன்னைப் பார்த்து ஓடி வராதா என்று ஏங்கினான். நாலரை மணிக்கு, ஈர வேட்டியும் வெறும் கயிறுமாக வீட்டுக் கூடத்தில் வந்து நின்றான்.

கூடத்தில் கோலம், குத்துவிளக்கு. தாம்பாளத்தில் நூற்றெட்டு வடை மாலை. கடை ஆட்கள் சுவரோரமாக வரிசையில் நின்றிருந்தார்கள். முன்னால் சுப்பராமன், அங்கவஸ்திரத்தோடு. நடுவில் மாவுக்கட்டுக் காலோடு முதலாளி. பக்கத்தில் பட்டுப்புடவையில் அம்மா.

"வைரவர் எங்கலே?"

"ஓடிட்டாரு மொதலாளி."

சுப்பராமன் நல்ல எண்ணத்தோடு வாயைத் திறந்தார்.

"குப்பத்துப் பக்கம் தேடினயோ? தினம் அங்கேதானே அழைச்சுண்டு போவே! ரெண்டு வேளையும் பார்க்கறேனே!"

"குப்பமா!" என்றார் முதலாளி.

"குப்பமா!" என்றாள் அம்மா.

இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் வற்றிப்போனதைச் சுயம்பு பார்த்தான். இத்தனை கோபத்தை அவன் மனுஷ முகத்தில் பார்த்ததில்லை. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"நான் கூட்டிட்டுப் போகல மொதலாளி, அவருதான் இழுத்துட்டுப் போனாரு! அங்கன ஃப்ளோரன்ஸக்கான்னு ஒருத்தங்க மீன் வறுக்காங்க. வைரவர் தின்னாரு. தலையும் திங்காரு, வாலும் திங்காரு. நானும் ரெண்டு துண்டு... நாலு நாளா தின்னுட்டேன் மொதலாளி! ஜவ்வாதும் நான்தான் பூசினேன்!"

சுவரோர வரிசையில் யாரோ "சிவசிவா" என்றார்கள்.

முதலாளி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அங்கன... அந்த வீட்டுல... வேற யாரைப் பத்தியாச்சும் பேச்சு வந்துச்சா?"

"அந்தப் பொம்பள வேற எதாச்சும் சொன்னாளா?" என்றாள் அம்மா, அதைவிட மெல்லிய குரலில்.

"இல்லம்மா. யார்ட்டயும் எதையும் சொல்றதில்லன்னாங்க."

முதலாளி மூச்சை விட்டார். அம்மாவும் விட்டாள். மூச்சு திரும்பியதும் முதலாளிக்குக் கோபமும் திரும்பியது. வரிசையாக நின்ற ஆட்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"கேட்டீயளாலே? ஆறு வருஷ விரதம்! இந்தக் குடும்பத்துல கவிச்சி வாசம் பட்டதில்ல. கற்பூரத்தை அணைச்ச கையி இது. நானும் சரி, என் பொண்டாட்டியும் சரி, கனவுலகூட மீனை நெனச்சதில்ல. அப்பேர்ப்பட்ட வீட்டு வைரவரைக் கெடுத்துட்டானே பாவி! படுக்கையைச் சுத்துலே. சாயங்கால வண்டிக்கே கெளம்பு."

"நான் தயிர்சாதம் கட்டுதேன்" என்றாள் அம்மா.

"அம்மா, தையில கல்யாணம்..."

"போலே!"

சுயம்பு கார் ஷெட்டுக்குப் போய்ப் படுக்கையைச் சுருட்டினான். கட்டுவதற்குக் கயிறு கிடைக்கவில்லை. வைரவரின் கயிற்றையே எடுத்துக் கட்டினான். பெண்ணின் அப்பாவின் கடிதம் மேல்பையில் இருந்தது. ஈரத்தில் எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. 'மட்டுமே' மட்டும் கரையவில்லை. படுக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, விழுந்து கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றான். அம்மா இலையில் மடித்த பொட்டலத்தை நீட்டினாள். இன்னும் சூடாக இருந்தது.

அப்போது கேட் கிறீச்சிட்டது.

வைரவர் வந்தார். கழுத்தில் ஒரு பழைய பூப்போட்ட புடவைக் கிழிசல். அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஃப்ளோரன்ஸ் வந்தாள். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"யப்பா, இன்னா இஸ்ப்பு இஸ்க்குது! தனியா வந்து குந்திக்கிச்சி. கயிறும் இல்ல, ஆளும் இல்ல. எங்கனா வண்டில கிண்டில அடிபட்டுடப் போவுதுன்னு நானே இஸ்த்துக்கினு வந்தேன். நம்மள இஸ்த்துக்கினு வந்தது இதுதான், அது வேற விசயம்."

சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். கோலத்தைப் பார்த்தாள். வடை மாலையைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். முதலாளி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தாள். அம்மா வடை மாலையில் ஒவ்வொரு வடையாகத் தடவி எண்ண ஆரம்பித்தாள். கடைசியாக ஃப்ளோரன்ஸ் சுயம்புவைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, படுக்கையத் தூக்கிக்கினு எங்க கெளம்பிட்டே?"

"ஊருக்குக்கா."

"ஏன்?"

"மீன் தின்னதுக்கு. வைரவரையும் தின்ன வச்சதுக்கு. வேலை போயிட்டு. கல்யாணமும் போயிட்டு."

"யாரு அனுப்பறாங்க?"

சுயம்பு தயிர்சாதப் பொட்டலம் பிடித்த கையாலேயே முதலாளியையும் அம்மாவையும் காட்டினான்.

வைரவர் இதற்குள் முதலாளியின் முன்னால் போய் உட்கார்ந்து, வலது முன்னங்காலைத் தூக்கி நீட்டினார். முதலாளி அசையவில்லை. அங்கிருந்து எழுந்து அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்து அதே காலை நீட்டினார். அம்மா வடையை எண்ணுவதை நிறுத்தினாள்.

"போனா போவுது என் யாவாரம்" என்று ஃப்ளோரன்ஸ் ஜெபமாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"காலைல வர்ற இந்த ஐயா 'எங்க வூட்டம்மாவாண்ட சொல்லிடாதே'ன்னாரு, சாயங்காலம் வர்ற இந்த அம்மா 'எங்க வூட்டுக்காரராண்ட சொல்லிடாதே'ன்னாங்க, ஆறு வருஷமா நானும் வாயத் தொறக்கல நைனா... ஆனா ரெண்டு பேருமே இந்த நாயாண்ட சொல்ல மறந்துட்டாங்க!"